காய்ந்துபோன தொட்டி மூங்கிலைத் தேற்றுவது: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

பொள்ளாச்சிப் பக்கம் கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால், வாசலின் இரண்டு பக்கமும் மஞ்சள் மூங்கில் தொட்டி வைத்த வீடுகளைப் பார்க்கலாம். முதல் இரண்டு வருஷம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அப்புறம் வீட்டுக்காரர்கள் வெளியூர் போவார்கள், மோட்டார் ரிப்பேர் ஆகும், பெயின்ட் அடிக்கத் தொட்டியை மூலைக்குத் தள்ளியவர்கள் திரும்ப இழுத்து வைக்க மறப்பார்கள். ஒருநாள் பார்த்தால் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்ட மாதிரி நிற்கும்.

எல்லைக்குப் பக்கத்தில் சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். அப்படி வந்த தொட்டிகளைத் தேற்றியும் இருக்கிறேன், கொன்றும் இருக்கிறேன். தண்ணீர், வெட்டு, மண் மாற்றம், உரம் என்று செய்ய வேண்டிய வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். காய்ந்த செடியைப் பார்த்ததும் கை முதலில் உர மூட்டைக்குப் போகிறது. அங்கேதான் பாதிச் செடி போய்விடுகிறது.

1. இது மூங்கில்தானா, உயிர் இருக்கிறதா

கண்ணாடி ஜாடியில் கூழாங்கல் போட்டு, ரிப்பன் கட்டி விற்கும் லக்கி பாம்பூ மூங்கிலே இல்லை. டிரசீனா என்ற வேறொரு செடி. அது உங்களிடம் இருந்தால் கீழே சொல்லும் வெட்டு, பிரிப்பு எதுவும் அதற்குப் பொருந்தாது. தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், நேர் வெயிலில் வைக்காதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், டிரசீனாவின் இலை நுனி அதற்குச் சீக்கிரம் கருகும்.

நிஜ மூங்கில் என்றால் அடுத்ததாகப் பூ இருக்கிறதா என்று பாருங்கள். கணுக்களில் நெற்கதிர் மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கினால் அது பூ. முள்மூங்கில் 40, 45 வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, விதை கொடுத்து, தூரோடு செத்துவிடும். அந்தச் செடிக்கு வைத்தியம் கிடையாது. விதையைப் பொறுக்கி வையுங்கள். வீட்டுத் தொட்டியில் இருக்கும் மஞ்சள் மூங்கில் பூப்பது மிக அரிது, அதனால் பெரும்பாலும் இந்தக் கவலை வராது.

இனி உயிர். இலை இல்லை என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கழியின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பசையோடு பச்சையோ வெளிர்மஞ்சளோ தெரிந்தால் அது இருக்கிறது. செத்த கழி வைக்கோல் நிறத்தில், கையில் எடுக்கக் கனமே இல்லாமல், தட்டினால் காய்ந்த சுரைக்காய் மாதிரி சத்தம் போடும்.

எல்லாக் கழியும் செத்திருந்தாலும் முடிவு கட்டாதீர்கள். அடியில் மண்ணை ஒரு விரல் ஆழம் விலக்கிக் கிழங்கைப் பாருங்கள். மூங்கிலின் உயிர் அங்கேதான். கிழங்கு கெட்டியாக, கிள்ளினால் வெள்ளையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பழுப்பாகிக் கொழகொழவென்று நாறினால் இல்லை.

2. எந்த மாதம்

வைகாசிப் பாதி. மலையாளத்துக்காரர்கள் இடவப்பாதி என்று சொல்லும் அந்த நாட்கள்தான் சரியான நேரம். தென்மேற்கு மழை தொடங்கியதும் மூங்கில் தானாகவே குருத்து விடப் பார்க்கும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் புது மண் கொடுத்துவிட்டால் செடியே மீதி வேலையைச் செய்துகொள்ளும்.

மார்கழி, தை வேண்டவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று ஈரமில்லாத காற்று. வேரைக் குறைத்த செடியால் தண்ணீரை வேகமாக உறிஞ்ச முடியாது, காற்றோ இலையிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு தை மாதம் ஆறு தொட்டி மாற்றினேன், மாசி பிறப்பதற்குள் நான்கு போய்விட்டன.

தொட்டி உங்களுக்கு மார்கழியில்தான் கண்ணில் பட்டது என்றால் 4, 5 ஆம் படிகளை மட்டும் இப்போது செய்யுங்கள். நிழலில் வைத்து ஈரம் காப்பாற்றுங்கள். மற்றவை வைகாசியில்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

செடியை வெளியே எடுத்த பிறகு மண்ணைத் தேடி ஓடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. வேர் அரை மணி நேரம் வெயிலில் கிடந்தால் நுனி வேர்கள் எல்லாம் போச்சு. அதனால் முதலில் கலவை.

செம்மண் 2 பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் 1 பங்கு, கழுவிய தேங்காய் நார்த்தூள் 1 பங்கு, கரிந்த உமி 1 பங்கு. உமி கிடைக்காவிட்டால் பரு மணல் போடலாம், ஆனால் உமிதான் நல்லது. மூங்கில் புல் இனம், நெல் மாதிரியே சிலிக்கா அதற்குத் தேவை. உமியில் அது நிறைய இருக்கிறது. அரிசி ஆலையில் கேட்டால் கிடைக்கும். ஒரு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் கலந்துகொள்ளுங்கள்.

நார்த்தூளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் வாசலில் மலை மாதிரி கிடக்கும், விலையும் சல்லிசு. அள்ளி வந்து அப்படியே போட்டுவிடாதீர்கள், அதில் உப்பு இருக்கிறது. நான் தொடங்கிய வருஷம் அப்படிப் போட்டு, மூன்று தொட்டி மூங்கிலின் இலை ஓரமெல்லாம் தீயில் காட்டிய மாதிரி கருகியது. அண்டாவில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் ஊறவையுங்கள். முதல் தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். மூன்றாவது நான்காவது தடவையில் வெளிறிய டீ நிறத்துக்கு வந்தால் போதும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால்தான் முன்கூட்டியே என்கிறேன்.

தொட்டி அகலமாக இருக்க வேண்டும், ஆழம் ஒன்றரை அடி போதும். 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்தால் இரண்டு நல்ல தொட்டி. அடியில் கட்டைவிரல் நுழையும் அளவு 6 துளை. பக்கவாட்டிலும் அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே நான்கு துளை போடுங்கள். அடித்துளையை வேர் வந்து அடைக்கும், பக்கத்துத் துளை காப்பாற்றும்.

அப்புறம் கொடுவாள், பல் கூர்மையான கைரம்பம், கடப்பாரை, முழுக்கைச் சட்டை. மூங்கில் மடலில் இருக்கும் சுணை கையில் ஏறினால் அன்று இரவு தூக்கம் இல்லை.

4. முதல் வைத்தியம் தண்ணீர்: ஊற்றக் கூடாது, ஊறவைக்க வேண்டும்

கொழிஞ்சாம்பாறையில் ஒரு அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். "ஏனுங்க, தெனமும் ரெண்டு குடம் ஊத்திட்டுத்தானுங்க இருக்கறேன். அப்பறமும் காஞ்சா நான் என்னங்க பண்றது?" என்றார்கள். பொய் இல்லை, நான் நிற்கும்போதே ஒரு குடம் ஊற்றிக் காட்டினார்கள். ஊற்றிய வேகத்தில் தொட்டிக்கு அடியில் தண்ணீர் வந்துவிட்டது.

செடியை வெளியே எடுத்துப் பார்த்தோம். வேர்ப்பந்தின் வெளிப்பக்கம் ஒரு விரல் கனத்துக்கு ஈரம். ரம்பத்தால் நடுவில் பிளந்தால் உள்ளே மூக்குப்பொடி மாதிரி இருந்தது, ஊதினால் பறந்தது. நார்த்தூள் கலந்த மண் முழுக்கக் காய்ந்தால் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கிப் போய்விடும். நடுவில் இருக்கும் வேருக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது.

எனவே தொட்டியைப் பெரிய டப்பிலோ தண்ணீர்த் தொட்டியிலோ விளிம்பு வரை முக்குங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும். நிற்கும் வரை விடுங்கள், ஒரு மணி நேரமும் ஆகலாம். எடுத்து வடியவிட்டு, மறுநாள் இன்னொரு முறை. அதற்கு மேல் ஊறப்போடாதீர்கள், வேருக்கு மூச்சு வேண்டும்.

தூக்க முடியாத தொட்டி என்றால் கம்பியால் மண்ணில் ஏழெட்டு ஆழமான குழி குத்துங்கள். அடியில் ஊசித்துளை போட்ட தண்ணீர் பாட்டில்களை அதில் கவிழ்த்து, சொட்டுச் சொட்டாக ஒரு நாள் முழுக்க இறங்கவிடுங்கள். ஹோஸைத் திறந்துவிட்டால் பழைய கதைதான்.

5. செத்த கழியை மட்டும் வெட்டுங்கள்

தண்ணீர் காட்டி ஒரு வாரம் பொறுங்கள். செத்தது என்று நினைத்த சில கழிகளில் கணுவில் சின்ன பச்சை முனை தெரியும். இதனால்தான் வெட்டு இரண்டாவது, தண்ணீர் முதலாவது.

பலபேர் ‘மொட்டை அடிச்சா நல்லா வரும்’ என்று எல்லாவற்றையும் தரையோடு அறுத்துவிடுகிறார்கள். ரோஜாவுக்குச் சரி. மூங்கில் அடுத்த குருத்தை வளர்க்கத் தேவையான சாப்பாட்டை நிற்கும் கழியும் இலையும்தான் தருகின்றன. பாதி இலை காய்ந்த கழியாக இருந்தாலும் அது சம்பாதிக்கிறது, விட்டுவையுங்கள். நுனி மட்டும் காய்ந்திருந்தால் பச்சை இருக்கும் கணுவுக்கு மேலே நறுக்குங்கள்.

செத்ததை அடியில், ஒரு கணுவை ஒட்டி அதற்குச் சற்று மேலே அறுக்க வேண்டும். இரண்டு கணுவுக்கு நடுவில் அறுத்தால் கழி கிண்ணம் மாதிரி நிற்கும், மழைத்தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு வரும், கிழங்கும் அழுகும். டெங்குவுக்காக வீடு வீடாகப் பார்க்க வரும் சுகாதாரப் பணியாளர்கள் டயருக்கும் சிரட்டைக்கும் அடுத்து இதைத்தான் காட்டித் திட்டுவார்கள்.

6. தொட்டியிலிருந்து வெளியே எடுப்பது

முந்தின நாள் நனைத்த மண்ணாக இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் வேர் அறும், சொதசொத என்றிருந்தால் தூக்க முடியாது. தொட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, சுற்றிலும் கையால் தட்டி, பழைய கத்தியை விளிம்போடு ஓட்டுங்கள்.

கழியைப் பிடித்து இழுக்காதீர்கள். கழியும் கிழங்கும் சேரும் கழுத்து ஒல்லியானது, இழுத்தால் அங்கேதான் முறியும். வராவிட்டால் தொட்டியை உடையுங்கள். உள்பக்கம் குறுகிய வாய் வைத்த பானைகளில் வேறு வழியே இல்லை. 400 ரூபாய்ப் பானைக்காகப் பத்து வருஷத் தூரைக் குதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. வேரைக் குறைப்பதும் தூரைப் பிரிப்பதும்

வெளியே வந்தது பெரும்பாலும் தொட்டியின் அச்சு மாதிரியே இருக்கும், மண்ணைவிட வேர்தான் அதிகம். அடியில் சுருண்டு பாய் மாதிரி பின்னிக்கிடக்கும் பகுதியை ரம்பத்தால் அப்படியே ஒரு கால் பாகம் அறுத்து எடுங்கள். சுற்றிலும் ஒரு அங்குலம் சீவுங்கள். பயப்பட வேண்டாம், புது வேர் அறுத்த இடத்திலிருந்துதான் வரும். அறுக்காமல் நட்டால் பழைய வேர் அந்த வட்டத்தையே சுற்றிக்கொண்டிருக்கும், புது மண்ணுக்குள் இறங்காது.

தூர் பெரியதாக இருந்தால் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்கலாம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்த குருத்து பெரும்பாலும் இளம் கழியின் கிழங்கிலிருந்துதான் வரும், கிழட்டுக் கழியிலிருந்து அல்ல. ஒவ்வொரு பங்கிலும் மூன்று கழியாவது இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது போன வருஷத்துக் கழியாக இருக்க வேண்டும். இளம் கழியில் நிறம் பளிச்சென்று இருக்கும், கணுவுக்குக் கீழே வெள்ளை மாவு பூத்திருக்கும், அடி மடல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிழட்டுக் கழி மங்கி, பாசி படர்ந்து நிற்கும்.

செடி ரொம்பத் தளர்ந்திருந்தால் இந்த வருஷம் பிரிக்காதீர்கள். ஆசைப்பட்டு நாலாகப் பிரித்தவர்களிடம் கடைசியில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

8. நடுவது

அடியில் ஜல்லி பரப்ப வேண்டாம். அது தண்ணீரை வடிக்கும் என்பது நம்பிக்கை மட்டும்தான். உண்மையில் ஜல்லிக்கு மேலே மண்ணின் அடியில் ஈரம் தேங்கி நிற்கும், வேருக்கான இடமும் குறையும். துளை மேல் ஒரு பிடி தேங்காய் நார் வைத்தால் போதும்.

செடி முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். ‘ஆடாமல் நிற்கட்டும்’ என்று அரை அடி புதைப்பவர்கள் குருத்தை அழுக விடுகிறார்கள். ஆடினால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். மண் போடப்போட ஒரு கம்பால் குத்திக் குத்தி வேர்களுக்கு நடுவில் இறக்குங்கள். சந்து இருந்தால் அந்த இடத்து வேர் காயும். மேலே இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள், ஊற்றும் தண்ணீர் வழியாமல் நின்று இறங்க அந்த இடம் வேண்டும்.

உதிர்ந்த மூங்கில் இலைகளைக் கூட்டிக் குப்பையில் போடாமல் மண் மேலே பரப்பிவிடுங்கள். ஈரமும் நிற்கும், இலை எடுத்த சிலிக்காவும் திரும்பப் போகும். பார்க்க அழகாக இல்லை என்று சிலர் கூட்டிவிட்டு வெள்ளைக் கூழாங்கல் பரப்புவார்கள். அது வெயிலில் சுடும்.

9. முதல் மூன்று வாரம்

காலை வெயில் மட்டும் படுகிற இடம், மேற்கே சுவர். இந்தப் பக்கம் மழையோடு காற்றும் சேர்ந்தே வரும், ஆடியில் நிற்கவே விடாது. உயரமான கழிகளை வளைத்துச் சேர்த்து ஒரு கயிற்றால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஆடிக்கொண்டே இருந்தால் அடியில் விடும் பிஞ்சு வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் வையுங்கள். தரையோடு ஒட்டினால் துளை அடைபடும்.

10. தண்ணீர் எவ்வளவு

தினமும் ஒரு குடம் என்ற கணக்கை விடுங்கள். ஒரு ஈர்க்குச்சியை மண்ணில் நான்கு விரல் ஆழம் செருகி, ஐந்து நிமிஷம் கழித்து உருவிப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று வேண்டாம். காய்ந்து வந்தால் அடித்துளையில் தண்ணீர் வரும் வரை நிதானமாக ஊற்றுங்கள்.

இலையும் சொல்லும். மதியம் இலை நீளவாக்கில் சுருளுவது வெயிலுக்குச் செடி எடுக்கும் தற்காப்பு. காலை ஏழு மணிக்கே சுருண்டிருந்தால் அது தாகம். மதியச் சுருளைப் பார்த்துப் பதறி ஊற்றி ஊற்றியே அழுக வைத்த தொட்டிகள் ஏராளம்.

உப்புத் தண்ணீர்தான் வேறொரு தொல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளில் மண் மேலே வெள்ளைப் படலம் வரும், இலை நுனி கருகும். படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள். மழை பெய்யும்போது தொட்டியைக் கூரைக்கு வெளியே நகர்த்தி வைத்தால் இந்த வேலை சும்மாவே நடக்கும்.

11. உரம், இப்போதுதான்

புது இலை விரிந்த பிறகு. பெரும்பாலும் நட்டு 30, 40 நாளில். அதற்கு முன் போட்டால் வேர் எடுத்துக்கொள்ளாது, உப்பாகத் தேங்கிச் சுடும். கலவையில் தொழுவுரம் இருக்கிறது, அதுவரை அது போதும்.

கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். யூரியாவை ஒரு பிடி அள்ளிப் போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

12. குருத்து வரும்போது

அடியில் விரல் கனத்தில் கூம்பு மாதிரி மண்ணை முட்டிக்கொண்டு வரும். தொட்டுப் பார்க்கத் தோன்றும், தொடாதீர்கள். நுனி உடைந்தால் அந்தக் குருத்து அவ்வளவுதான், பக்கத்தில் வேறு கிளைத்து வராது. தொட்டியையும் நகர்த்தாதீர்கள்.

வந்த குருத்தெல்லாம் தேறாது. சில முழம் வளர்ந்து கருகி நிற்கும். நோய் என்று மருந்து தேட வேண்டாம், செடி தன்னால் முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுகிறது. முதல் வருஷக் கழி பென்சில் கனத்தில்தான் இருக்கும். மண்ணை விட்டு வெளியே வந்தபோது எவ்வளவு கனமோ அதற்குமேல் கழி பருக்காது, இரண்டு மூன்று மாதத்தில் உயரத்தையும் முடித்துக்கொள்ளும். கனம் வேண்டுமானால் அடுத்த வருஷக் குருத்துக்குக் காத்திருங்கள்.

எறும்பு ஏறினால் உடனே மடலுக்குள் பாருங்கள். மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும், கீழ் இலையில் கரி பூசிய மாதிரி படலமும் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் தெளிப்பு. வாரம் ஒன்றாக மூன்று வாரம். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

13. அடுத்த வருஷம்

மாசி, பங்குனியில் இலை மஞ்சளாகிக் கொட்டும். இதைப் பார்த்துத்தான் ‘மறுபடியும் போச்சுங்க’ என்று போன் வரும். கணுவில் புதுத் துளிர் கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பழைய இலை மாறுகிறது, அவ்வளவே.

புதுக் கழிகள் நான்கைந்து நின்று இலை விட்ட பிறகு, முதலில் காப்பாற்றி வைத்த பாதிக் காய்ந்த பழைய கழிகளை ஒவ்வொன்றாக எடுக்கலாம், வருஷத்துக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று. கொழிஞ்சாம்பாறை அக்கா வீட்டில் மூன்றாவது வருஷம்தான் கடைசிப் பழைய கழியை அறுத்தோம். அதைப் பின்பக்கம் எடுத்துப்போய்ப் பாகல் கொடிக்கு ஊன்றி வைத்திருக்கிறார்கள்.